நம் சங்கங்களும் பண்டிகைக் கால விளம்பரமும்

பண்டிகைக்கும் வாணிபத்துக்கும் உள்ள உறவு புதிதன்று. அறுவடை கழிந்து கையில் நாலு காசு புழங்கும் காலத்தில் பண்டிகை வருவதும், பண்டிகையை ஒட்டிச் சந்தையும் திருவிழாக் கடையும் கூடுவதும் நம் நாட்டில் நெடுநாளைய வழக்கமேயாகும். துணி மூட்டையைத் தோளில் சுமந்து, திருவிழாவுக்குத் திருவிழா நடந்து விற்றவர்களின் பரம்பரையில் வந்த குடும்பங்கள் நம் சங்கங்களில் இன்றும் உண்டு. புதிதாக வந்திருப்பது ஒன்றே. சந்தை கூடும் இடம் தேரடியிலிருந்து வீட்டுக் கூடத்துக்கு மாறிவிட்டது. தொலைக்காட்சிப் பெட்டி உள்ள வீடெல்லாம் இன்று சந்தைத் திடலாகிவிட்டது.

ஆய்வுப் பணியை ஒட்டிப் பல ஊர்ச் சங்கங்களின் மகாசபைக் கூட்டங்களில் கலந்துகொள்ளும் நமக்கு, ஒரு கோரிக்கை அடிக்கடி காதில் விழுகிறது. “பெரிய ஜவுளிக் கடைகள் தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பிருந்தே தொலைக்காட்சியில் விளம்பரம் செய்கின்றன. ஜனங்களும் அங்கேயே சென்று குவிகிறார்கள். நம் சங்கமும் அவ்வாறு செய்தால் என்ன?” என்று அங்கத்தினர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. நெய்த சேலை அலமாரியில் தேங்கி, நெய்தவன் கூலிக்குக் காத்திருக்கும் நிலையில் இக்கேள்வி எழாவிட்டால்தான் வியப்பு. ஆயினும், ‘எல்லோரும் செய்கிறார்கள், நாமும் செய்வோம்’ என்பது கூட்டுறவுக்கு உரிய யோசனை ஆகாது. தனித்தனிச் சங்கங்கள் பண்டிகைச் சமயத்தில் தொலைக்காட்சி விளம்பரத்தில் இறங்குவது தகாது என்பதும், எல்லாச் சங்கங்களும் ஒன்றுகூடி, வேறு பருவத்தில், வேறு முறையில் அதனைச் செய்வதே தக்கது என்பதும் நமது அபிப்பிராயம். அதற்கான காரணங்களை அங்கத்தினர்களின் யோசனைக்கு வைக்கிறோம்.

தொலைக்காட்சியின் பஞ்சாங்கம்

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று டில்லியில் பரீட்சார்த்தமாகத் தொடங்கிற்று. சென்னைக்கு அது வந்தது 1975 ஆகஸ்டு 15 அன்று. மறு ஆண்டு, அதாவது 1976 ஜனவரி முதல் நாளிலிருந்து, அரசுத் தொலைக்காட்சியில் வியாபார விளம்பரங்கள் இடம்பெறலாயின. பின்னர்த் தனியார் துறையில் சன் தொலைக்காட்சி 1993 ஏப்ரல் 14 அன்று, தமிழ்ப் புத்தாண்டு நாளில், தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டுத் தனியார் தொலைக்காட்சிக்கும் பண்டிகைக்கும் உள்ள தொடர்பு அதன் முதல் நாளிலேயே தொடங்கிவிட்டது எனலாம்.

ஓராண்டு முழுவதும் வரும் விளம்பரங்களைக் கவனித்துப் பார்ப்பவர்கள், நாட்காட்டி இல்லாமலே மாதத்தைச் சொல்லிவிடுவார்கள். தை மாதத்தில் வண்ணப் பூச்சும் பாத்திரமும் பட்டும் வரும். மாசி பங்குனியில், தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கென்று சத்துமாவுப் பானங்கள் வரும். சித்திரை வந்தால் மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி, குளிர்பானம், வியர்க்குருத் தூள், அட்சய திருதியை நெருங்கினால் நகை, பள்ளி திறக்கும் தருணத்தில் புத்தகப் பையும் காலணியும், ஆடியில் தள்ளுபடி, மழைக் காலத்தில் கொசுவத்தியும் சளித் தைலமும். இவை அனைத்துக்கும் சிகரமாக ஐப்பசியில் தீபாவளி வருகிறது. அன்று காலை முதல் இரவு வரை பட்டிமன்றமும், நடிகர்களின் பேட்டியும், ‘முதன்முறையாக’ என்ற அறிவிப்போடு வரும் புதிய திரைப்படமும், அவற்றின் இடையிடையே விளம்பரமுமாகப் பொழுது கழிகிறது.

இவ்வாறு நேர்வதன் காரணம் எளிதே. விடுமுறை நாளில் குடும்பம் முழுவதும் வீட்டில் இருக்கிறது. வாங்கும் எண்ணமும், போனஸ் அல்லது சேமிப்புப் பணமும் அப்போதுதான் கையில் இருக்கின்றன. ஆகவே, விளம்பரம் செய்வோர் எல்லோரும் ஒரே சமயத்தில் வந்து நெருக்குகிறார்கள். தொலைக்காட்சி நிலையமோ நேரத்தைத்தான் விற்கிறது. பெரும்பாலும் 10 வினாடிக்கு இன்ன விலை என்பது கணக்கு. இந்த நேரத்துக்கு வரம்பு உண்டு. 1994-ஆம் ஆண்டுக் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் பின்னர்ச் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, ஒரு மணி நேரத்தில் விளம்பரம் 12 நிமிஷத்துக்கு மேற்படலாகாது. அதிலும் 2 நிமிஷம் நிலையத்தின் சொந்த அறிவிப்புகளுக்கு உரியது. விதியின் அமலைப் பற்றி நீதிமன்றம் வரை வழக்குகள் சென்றதுண்டு. ஆயினும், நேரம் அளவுக்கு உட்பட்ட சரக்கு என்பதில் ஐயமில்லை.

மல்லிகை பயிரிடும் அங்கத்தினர்களுக்கு இதனை விளக்கத் தேவையே இல்லை. முகூர்த்த நாளில் பூவின் விலை ஏறுகிறது, மறுநாளே இறங்குகிறது. பறித்த பூவை நாளைக்கு என்று வைத்திருக்க இயலாது. தொலைக்காட்சியின் வினாடியும் அத்தகையதே. விற்காத வினாடி வீணான வினாடி. ஆகையால் மந்த காலத்தில் அதனைச் சலுகைக்கும் கொடுப்பார்கள். பண்டிகைக் காலத்தில் கேட்ட விலைக்கே கொடுப்பார்கள். முகூர்த்த நாள் காலையில் சந்தைக்குச் சென்று பூ வாங்குபவனுடைய நிலையே, தீபாவளி வாரத்தில் விளம்பர நேரம் வாங்கும் சங்கத்தின் நிலையும்.

வழக்கத்தை உண்டாக்கும் வல்லமை

பண்டிகையைப் பின்தொடர்ந்து விளம்பரம் வருகிறது என்பது பாதி உண்மை. விளம்பரத்தைப் பின்தொடர்ந்து பண்டிகை வருவதும் உண்டு. அமெரிக்க நாட்டில் நன்றி தெரிவிக்கும் திருநாள், நவம்பர் மாதத்தின் கடைசி வியாழக்கிழமையில் கொண்டாடப்பட்டு வந்தது. 1939-ஆம் ஆண்டு அது மாதக் கடைசி நாளில் விழுந்தது. கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கு நாள் குறைகிறது என்று வணிகர்கள் முறையிட்டதன்பேரில், ஜனாதிபதி ரூஸ்வெல்ட் திருநாளையே ஒரு வாரம் முன்னுக்குத் தள்ளினார். குழப்பம் ஏற்பட்டு, 1941-இல் சட்டத்தின் மூலம் நான்காம் வியாழக்கிழமை என நிலைநாட்டப்பட்டது. தொலைக்காட்சி பரவிய பிறகு இத்தொடர்பு மேலும் நெருங்கிற்று. 1964 டிசம்பரில் அந்நாட்டில் ஒளிபரப்பாகிப் புகழ்பெற்ற ஒரு கிறிஸ்துமஸ் பொம்மைப் படம், ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் ஆதரவில் வந்ததேயாகும்; கதையில் வந்த குள்ள உருவங்களே விளம்பரத்திலும் தோன்றி அக்கம்பெனியின் வீட்டு உபயோகச் சாமான்களை விற்றன. கிறிஸ்தவர்கள் மிகச் சிலரே வாழும் ஜப்பானில், 1974-இல் தொடங்கிய விளம்பர இயக்கம் ஒன்றன் விளைவாக, கிறிஸ்துமஸ் அன்று ஓர் அமெரிக்கக் கம்பெனியின் கோழி வறுவலை உண்பது குடும்ப வழக்கமாகவே ஆகிவிட்டது.

நம் நாட்டிலும் இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. அட்சய திருதியை பழைய புண்ணிய தினமே. ஆயினும் அன்று நகைக் கடை வாசலில் வரிசையில் நிற்பது நம் பாட்டிமார் அறிந்த வழக்கமன்று. ஆடி மாதமோ சுப காரியங்கள் நிகழாத மாதம். ஜவுளி வாணிபம் மந்தமாக இருக்கும் மாதம். தேங்கிய சரக்கைக் கழிப்பதற்காக ஏற்பட்ட தள்ளுபடி, விளம்பரத்தின் பலத்தால் இன்று ஒரு பண்டிகையாகவே வளர்ந்துவிட்டது. விதை தேடிச் செலவிட வேண்டிய பட்டத்தில், கிராமத்து மக்கள் நகரத்துக் கடையில் சேலை தேடிச் செலவிடுகிறார்கள்.

தறியின் பஞ்சாங்கம் வேறு

இனி நம் பக்கத்துக்கு வருவோம். கடைக்கு ஒரு பஞ்சாங்கம் இருப்பது போலத் தறிக்கும் ஒரு பஞ்சாங்கம் உண்டு. இரண்டும் ஒன்றோடொன்று இசைவதில்லை என்பதே நம் சங்கடத்தின் வேர். தீபாவளி ஐப்பசியில், வடகிழக்குப் பருவமழை இறங்கும் சமயத்தில் வருகிறது. தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட அப்போது வெயில் இராது. குழித்தறிக் குழியில் நீர் ஊறும். ஆகவே, தீபாவளிக்கு விற்க வேண்டிய துணி புரட்டாசியிலேயே அலமாரி ஏறியிருக்க வேண்டும். அதற்கு வைகாசி, ஆனியிலேயே நூல் வாங்கி அங்கத்தினர்களுக்கு வழங்கியிருக்க வேண்டும். அந்நூலுக்கும் கூலிக்கும் மத்தியக் கூட்டுறவு வங்கியிலிருந்து பெறும் காசுக்கடனுக்கு அன்று முதல் வட்டி ஓடுகிறது. மூன்று வார விற்பனைக்காக நான்கு ஐந்து மாத வட்டியைச் சுமக்கிறோம். இதற்கு மேல் விளம்பரச் செலவையும் ஏற்றினால் சுமை என்னவாகும்?

உதாரணத்துக்காக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 200 தறி ஓடும் சங்கம் ஒன்று விளம்பரத்துக்கு 3 லட்சம் ரூபாய் செலவிடுவதாக வைத்துக்கொள்வோம். எல்லாச் செலவும் போக ஒரு சேலைக்கு 100 ரூபாய் மிஞ்சுமானால், விளம்பரச் செலவு திரும்புவதற்கே 3,000 சேலைகள் அதிகமாக விற்றாக வேண்டும். சேலை ஒன்றுக்கு இரண்டு நாள் பிடிக்குமானால், 200 தறிகளும் 30 நாள் இடைவிடாமல் நெய்தால்தான் அந்த 3,000 சேலைகள் கிடைக்கும். அதாவது, விளம்பரம் பலிக்காவிட்டால் பணம் நஷ்டம். பலித்தாலோ கொடுக்கச் சரக்கு இல்லை. ஆலையும் விசைத்தறியும் கிராக்கி ஏறினால் இரவு வேலையும் சேர்த்து உற்பத்தியைப் பெருக்கும். கையும் காலும் கொண்டு ஓட்டும் தறிக்கு அவ்வாறு வேகம் கூட்ட முடியாது. கூட்ட முயன்றால் நெசவின் தரம் குன்றும். தரம் குன்றினால், வாங்கியவர் மறுமுறை வரமாட்டார்.

சில்லறை விற்பனையாளருக்கு இக்கவலை இல்லை. அவர் பல ஊர்ச் சரக்கை வாங்கி விற்பவர். ஒன்று இல்லாவிட்டால் மற்றொன்றைக் காட்டுவார். விளம்பரச் செலவும் இறுதியில் சேலையின் விலையிலோ, நெய்தவனுக்குக் கொடுக்கும் விலையிலோதான் அடங்க வேண்டும் என்பதை நாம் மறத்தலாகாது.

ஒரே பருவத்தை நம்புவதால் வரும் ஆபத்து

பண்டிகை ஒன்றையே நம்பியிருப்பதன் அபாயத்துக்கு அண்டை மாநிலமான கேரளம் ஒரு பாடம் தருகிறது. அங்கே ஓணத்துக்கு நம் தீபாவளியின் ஸ்தானம் உண்டு. விளம்பரமும் விற்பனையும் ஆவணி மாதத்திலே குவிகின்றன. எர்ணாகுளம் மாவட்டத்துச் சேந்தமங்கலம், கைத்தறிக்குப் பெயர்போன ஊர். 2018 ஆகஸ்டில், ஓணத்துக்குச் சில நாட்களே இருந்தபோது பெருவெள்ளம் வந்தது. பண்டிகைக்கென்று நெய்து அடுக்கிவைத்திருந்த துணி சேற்றில் மூழ்கிற்று, தறிகளும் கெட்டன. நல்லோர் சிலர் முயன்று, அந்தச் சேறு படிந்த துணியிலிருந்து ‘சேக்குட்டி’ என்ற சிறு பொம்மைகளைச் செய்து விற்று, நெசவாளர்களுக்கு உதவினர். அவர்களுடைய முயற்சி வணங்கத்தக்கது. ஆயினும் ஆண்டின் உழைப்பெல்லாம் ஒரே வாரத்தின் வாசலில் காத்திருந்ததால்தானே ஒரு வெள்ளம் அவ்வளவையும் கொண்டுபோக முடிந்தது?

பயிரிடும் அங்கத்தினர்களுக்கும் இது பொருந்தும். பொங்கல் வாரத்தில் தொலைக்காட்சியைப் பாருங்கள். கரும்பு, மஞ்சள் கொத்து, புதுப்பானை, ஏர் பூட்டிய மாடு, தலைப்பாகை கட்டிய உழவர் எல்லாம் திரையில் தோன்றும். விற்கப்படுவதோ அரைக்கும் இயந்திரமும், கைபேசியும், விசைத்தறித் துணியும். உழவனின் அடையாளம் விளம்பரத்துக்கு வேண்டியிருக்கிறது. உழவனின் சரக்குக்கு விளம்பரம் இல்லை. பொங்கல் கரும்புக்கோ விற்பனைக் காலம் சில தினங்களே; போகி கழிந்து பொங்கல் விடிந்தால் விலை சரிந்துவிடும். சில ஆண்டுகளில் அரசாங்கம் பொங்கல் பரிசுத் தொகுப்புக்காக முழுக் கரும்பைக் கொள்முதல் செய்து, கூட்டுறவு நியாயவிலைக் கடைகள் மூலம் வழங்கியது பெரும் உதவியாக இருந்தது. விளம்பரம் செய்யாத உதவியை ஸ்திரமான கொள்முதல் செய்தது என்பதே இதன் பொருள்.

செய்யத் தக்கது யாது?

அப்படியானால் விளம்பரமே வேண்டாமா எனின், அவ்வாறு நாம் கூறவில்லை. கூட்டுறவு விளம்பரம் செய்தது உண்டு, வென்றதும் உண்டு. குஜராத்தில் 1946-இல் கேடா ஜில்லாப் பால் உற்பத்தியாளர்கள் சேர்ந்து அமைத்த சங்கத்திலிருந்தே அமுல் வளர்ந்தது. முதலில் பாலைச் சேர்த்தார்கள். பின்னர்த் தரத்தை நிலைநிறுத்தினார்கள். பல ஜில்லாச் சங்கங்கள் ஒரே பெயரில் விற்பதற்கு 1973-இல் சம்மேளனம் அமைத்தார்கள். 1976-இல் 5 லட்சம் உற்பத்தியாளர்கள் தலைக்கு 2 ரூபாய் கொடுத்து, தங்கள் வாழ்க்கையைப் பற்றி ‘மந்தன்’ என்ற திரைப்படத்தையே எடுப்பித்தனர். அப்படத்தின் பாட்டுப் பின்னாளில் அவர்களுக்கே தொலைக்காட்சி விளம்பரமாகவும் பயன்பட்டது. முதலில் சரக்கு, பிறகு பெயர், அதன் பிறகே விளம்பரம் என்ற வரிசையைக் கவனிக்க வேண்டும். ஒரு கிராமச் சங்கமும் தனியே விளம்பரம் செய்யவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

நமக்கும் தலைமைச் சங்கம் இல்லாமல் இல்லை. 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் அதற்காகவே ஏற்பட்டது. தனித்தனிச் சங்கங்கள் சிதறிச் செலவிட எண்ணும் தொகையைத் தலைமைச் சங்கத்தின் மூலம் ஒன்றாகச் செலவிடுவதே முறை. அதிலும் பருவத்தைத் தேர்ந்தெடுப்பது முக்கியம்.

முதலாவது, கைத்தறிக்கு இயற்கையே கொடுத்த பருவம் ஒன்று உண்டு. அது கோடை. சித்திரை வைகாசி வெயிலில் உடலுக்கு இதமானது பருத்தித் துணி என்பதை எவரும் மறுக்கமாட்டார். மின்விசிறிக்கும் குளிர்பானத்துக்கும் கோடையில் விளம்பரம் உண்டென்றால், பருத்திச் சேலைக்கும் வேட்டிக்கும் துண்டுக்கும் ஏன் இருக்கலாகாது? ஜவுளிக் கடைகளின் பண்டிகை நெருக்கடி இல்லாத மாதத்தில் நம் குரல் தெளிவாகக் கேட்கும். கிரிக்கெட் பந்தயங்களின் இடையே விலை மிகுந்த நேரத்தை நாட வேண்டுவதில்லை. அரசுத் தொலைக்காட்சியும் வானொலியும் நமக்குப் போதும். அப்போது விற்பனையாகும் துணி, நூலுக்கு வாங்கிய கடனை மழைக்கு முன்பே குறைக்கும்.

இரண்டாவது, ஆகஸ்டு 7. 1905-இல் சுதேசி இயக்கம் தொடங்கிய அந்நாள், 2015 முதல் தேசியக் கைத்தறி தினமாகக் கொண்டாடப்படுகிறது. அதன் முதல் விழா நடந்தது சென்னையில்தான். அந்நாள் ஆடி மாதத்தில் வருவது பலர் கவனியாத விஷயம். எல்லாக் கடையும் மலிவைப் பற்றிக் கூவும் மாதத்தில், நாம் மெய்யைப் பற்றிப் பேசலாம். கைத்தறி முத்திரை 2006-லும் பட்டு முத்திரை 2004-லும் நடைமுறைக்கு வந்தன. இவ்வளவு ஆண்டுகள் கழிந்தும் சேலை வாங்குவோரில் பலருக்கு அம்முத்திரைகளைத் தேடிப் பார்க்கத் தெரியாது. விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று சொல்லி விற்பவர்கள் நம்பியிருப்பது இந்த அறியாமையைத்தான். ‘இதைப் பார்த்து வாங்குங்கள்’ என்று 10 வினாடியில் சொல்லிவிடலாம். நட்சத்திரங்கள் தேவையில்லை, முத்திரையைக் காட்டும் ஒரு நெசவாளியின் கையே போதும்.

மூன்றாவது, வாங்குவோரின் செலவை ஆண்டு முழுவதும் பரப்புவது. மாதந்தோறும் சிறு தொகை செலுத்திப் பின்னர்த் துணியாகப் பெறும் சேமிப்புத் திட்டத்துக்கு அங்கத்தினர்கள் தாமே முகவர்களாக வேண்டும். பள்ளி ஆசிரியர்கள், அலுவலகச் சிப்பந்திகள், பால் சங்கத்தினர், கடன் சங்கத்தினர் ஆகியோரை நேரில் கண்டு சேர்க்கும் ஓர் அங்கத்தினரின் வார்த்தைக்குத் தொலைக்காட்சி நிகராகாது. இன்று பலர் கைபேசியிலேயே படம் பார்க்கிறார்கள். அங்கும் பண்டிகைக்குப் பண்டிகை விளம்பரம் மாறுவதைக் காண்கிறோம். ஆனால் அங்கே, தறியில் துணி வளரும் விதத்தை நாமே படம் எடுத்து அனுப்பச் சங்க நிதியிலிருந்து பெருந்தொகை வேண்டியதில்லை. சங்கத்துப் பிள்ளைகளில் படித்தவர்கள் இப்பொறுப்பை ஏற்கலாம்.

கடைசியாக, நாம் விற்பவர்கள் மட்டும் அல்லர், வாங்குபவர்களும் ஆவோம். பண்டிகை விளம்பரத்தைப் பார்த்துக் கைமாற்று வாங்கி, நகரத்துக் கடையில் விசைத்தறிச் சேலை எடுத்துவரும் குடும்பங்கள் நெசவாளர் தெருவிலும் உண்டு. உழவர் வீட்டில் வாங்கும் வேட்டி நெசவாளர் சங்கத்ததாகவும், நெசவாளர் வீட்டுப் பொங்கலுக்கு மஞ்சளும் வெல்லமும் உழவர் சங்கத்ததாகவும் இருக்குமானால், அதற்கு எந்த விளம்பரமும் தேவையில்லை. ஓர் ஊரில் இரண்டு சங்கங்களும் இருந்தும், ஒன்றன் சரக்கு மற்றதன் வாசலைக் காணாதிருப்பதை நம் ஆய்வுகளில் பலமுறை கண்டு வருந்தியிருக்கிறோம்.

வரும் மகாசபையில் தீபாவளி விளம்பரத்துக்கான தீர்மானம் வருமானால், அங்கத்தினர்கள் நிர்வாகிகளிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டுகிறோம். விளம்பரம் பலித்தால் கொடுக்கச் சரக்கு உண்டா? செலவு திரும்ப எத்தனை சேலை விற்க வேண்டும்? அதே பணத்தைக் கோடையில், மற்றச் சங்கங்களோடு சேர்ந்து செலவிட்டால் என்ன? இம்மூன்றுக்கும் எண்களோடு விடை கிடைத்த பிறகு கை தூக்குங்கள். பண்டிகை ஆண்டுக்கு ஒரு நாள் வருகிறது. தறிக்காரர் வீட்டு அடுப்போ ஆண்டின் 365 நாளும் எரிந்தாக வேண்டும்.